எட்டுலோ மொழியும் அதனைப் பேசும் மாந்தரும்

மேற்கு ஆபிரிக்காவின் படத்தை விரித்து நோக்குவோர்க்கு முதலிற் புலப்படுவன இரண்டு பேராறுகள். ஒன்று நைஜர், மற்றையது கிழக்கேயுள்ள கமரூன் மலைநாட்டுப் பக்கத்திலிருந்து வரும் பெனுவே. இவ்விரண்டும் நைஜீரிய நாட்டின் நடுப்பகுதியில், லொக்கோஜா என்னும் நகரத்தருகே ஒன்றாகித் தென்றிசைக் கடலை நோக்கிச் செல்கின்றன. பெனுவே ஆற்றிற்குத் தெற்கிலிருந்து வந்து கலக்கும் கிளையாறுகளுள் ஒன்று கட்சினா-அலா. கமரூனின் பமெண்டா மேட்டுநிலத்திலே பிறந்து, சமநிலத்துக்கு இறங்கி, மழைக்காலத்திற் கரைபுரண்டும் வேனிலில் மணற்றிட்டுக்கள் தோன்ற மெலிந்தும் ஓடும் ஆறு அது. அதன் கீழ்ப்பகுதிக் கரைகளிலும் அயலிலும் அமைந்த ஊர்களிலே வழங்கும் மொழியே எட்டுலோ.

பெனுவே மாநிலத்தைச் சேர்ந்த புருக்கு, கட்சினா-அலா என்னும் உள்ளூராட்சிப் பிரிவுகளிலும், அயலே தராபா மாநிலத்தைச் சேர்ந்த வுக்காரிப் பிரிவிலும் இம்மக்கள் வாழ்கின்றனர். பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் இப்பகுதி முழுவதும் பெனுவே மாகாணம் என்னும் ஒரே மாகாணத்துள் அடங்கியிருந்தது. 1976 ஆம் ஆண்டில் மாநிலங்கள் மறுபடி வகுக்கப்பட்டபோது வுக்காரி வேறொரு மாநிலத்தோடு சேர்க்கப்பட்டது. அந்த மாநிலமும் 1991 இற் பிரிந்து, வுக்காரி தராபாவுக்கு உரியதாயிற்று. ஏடெழுதும் அதிகாரியின் கோடு ஒன்று, ஒரே மொழி பேசுவோரை இரு மாநிலத்தவராக்கிவிட்டது. பெருந்தொகையினரான மக்கட்கு இத்தகைய கோடு பெரியதொரு தீங்கன்று. தொகையிற் சிறியவர்க்கோ, இரு சபைகளிலும் குரல் கேளாத இரு துண்டுகளாகும் நிலை அதனால் நேர்கிறது.

இவர்கள் தம்மை எட்டுலோ என்றே கூறுவர். ஆனால், அயலார் எவரும் அப்பெயரைக் கொண்டு அழைப்பதில்லை. சுற்றியுள்ள திவ் மக்கள் இவர்களை உத்தூர் என்கின்றனர். வடக்கிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்த ஹௌசா மக்கள் துருமாவா என்றனர். பழைய நிருவாகக் குறிப்புக்களிலே துரு, எத்துரோ, துலு என்று மேலும் சில வடிவங்கள் காணப்படுகின்றன. ஒரு மக்கட் கூட்டத்தின் பெயரை அக்கூட்டத்தாரிடமே கேட்டறியும் வழக்கம் அதிகாரிகட்கு மிகப் பிந்தியே வந்தது. பெயர் சூட்டிய திவ் மக்கட்கும் இதே கதி நேர்ந்ததென்பது ஒரு வேடிக்கை. ஹௌசா வணிகர் அவர்களை முன்ஷி என்று வழங்க, ஆங்கிலேயரும் அதையே பின்பற்றி நெடுங்காலம் எழுதி வந்தனர். முன்ஷி என்ற பெயர் இன்று நூல்நிலையத்துப் பழம் ஏடுகளுக்குள் ஒடுங்கிவிட்டது. உத்தூர் என்ற பெயரோ சந்தையில் இன்னும் நடமாடுகின்றது.

எட்டுலோ மொழியின் சிறப்பு அது சிறியது என்பதன்று. சிறிய மொழிகளுக்கு நைஜீரியாவிற் பஞ்சமில்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகள் அந்நாட்டில் வழங்குவதாக அறிஞர் கணக்கிடுகின்றனர். எட்டுலோவைக் கவனிக்கத்தக்கதாக்குவது அது இருக்கும் இடம். மொழிநூல் வல்லார் அதனை இடோமா வகை மொழிகள் என்னும் தொகுதியிற் சேர்ப்பர். அத்தொகுதியின் பெருமொழியாகிய இடோமா, ஒட்டுக்போ நகரைச் சூழ்ந்த நிலப்பரப்பில், அஃதாவது பெனுவே மாநிலத்தின் மேற்குப் பாகத்தில் வழங்குகின்றது. அதனோடு நெருங்கிய அகத்து, இகேடே முதலியனவும் அப்பக்கத்தனவே. அலாகோ என்னும் உறவுமொழி பெனுவே ஆற்றுக்கு வடக்கே பேசப்படுவது. உப்பு விளைவிப்பதிற் பேர்பெற்ற கெயானா என்னும் பழம்பதி அம்மொழியாருடையது. யாலா என்னும் மற்றொன்று தெற்கே குறொஸ் ஆற்றுப் பக்கத்தில், ஒகோஜா, இக்கோம் ஆகிய ஊர்களின் அயலில் ஒலிக்கின்றது. எட்டுலோவோ இவையெல்லாவற்றையும் விட்டு விலகிக் கிழக்கே நிற்கின்றது. எட்டுலோவுக்கும் இடோமாவுக்கும் நடுவே பரந்து கிடப்பது திவ் மக்களின் நாடு.

திவ் மொழி வேறொரு கிளையைச் சார்ந்தது. ஆபிரிக்காவின் தென்பாதி முழுவதும் பரவியிருக்கும் பண்டு மொழிகளுக்கு அது நெருங்கிய உறவு. அதனைப் பேசுவோர் பல இலட்சக்கணக்கினர். எட்டுலோவின் கிழக்கெல்லையிலே வுக்காரியைத் தலைநகராகக் கொண்ட ஜுக்குன் மக்களின் மொழியும் இடோமா வகையைச் சேர்ந்ததன்று. ஆகவே எட்டுலோ, கடலிடையே தீவுபோல, உறவினரிடமிருந்து பிரிந்து பிறமொழிகளின் நடுவே கிடக்கின்றது. இந்நிலை எவ்வாறு நேர்ந்தது?

விடையின் ஒரு பகுதி திவ் மக்களின் பெயர்ச்சியில் உள்ளது. தென்கிழக்கே கமரூன் எல்லைக் குன்றுகளிலிருந்து இறங்கியவர்கள் தாம் என்பது திவ் மக்களின் வழிவழிக் கூற்று. சமநிலத்தை அடைந்த பின்னர், புதிய விளைநிலத்தை நாடி ஆண்டுதோறும் சிறிது சிறிதாக அவர்கள் பரவினர். அப்பரவலுக்குப் படையும் தளபதியும் வேண்டியிருக்கவில்லை. ஒரு குடும்பம் தன் வயலை அயலான் எல்லைப் பக்கமாக நகர்த்தும். அதன் பின்னாலுள்ள குடும்பம் அவ்விடத்தை நிரப்பும். தென்பக்கத்தில் இப்பரவலைத் தடுக்க எண்ணிய ஆங்கில ஆட்சி, 1912 ஆம் ஆண்டில் எல்லை நெடுக ஒரு சுவரையே எழுப்பியது. சுவரைக் கட்டியவர்கள் மனநிறைவடைந்திருக்கலாம். உழவர்கள் அதனைக் கடந்து சென்று விதைத்தனர்.

மற்றொரு பகுதி பழங்கதைகளில் உள்ளது. பெனுவேப் பள்ளத்தாக்கிலே குவரராஃபா என்னும் பேரரசு ஒன்று முன்னாளில் விளங்கிற்று. பதினேழாம் நூற்றாண்டில் வடக்கேயுள்ள கனோ நகரையும் தாக்கிய வலிமை அதற்கிருந்தது. ஜுக்குன் மக்களே அதன் வாரிசுகளாகத் தம்மைக் கருதுவர். இடோமா, அலாகோ முதலிய பல குடிகளும் அவ்வரசின் நிலத்திலிருந்து பிரிந்து வந்தவர்கள் தாம் எனக் கூறுகின்றனர். எட்டுலோ மக்களின் மரபுக் கதைகளும் அவ்வரசோடும் வுக்காரியோடும் தொடர்பு காட்டுகின்றன. பேரரசு ஒன்றோடு தன் குடிப்பிறப்பை இணைத்துக்கொள்ள விரும்பாத மக்கள் உலகில் அரியர் என்பதை இங்கு மறத்தலாகாது. எனினும், மொழியின் சான்று கதையின் சான்றினும் பிடிவாதமானது. எட்டுலோவின் அடிப்படைச் சொற்களும் அமைப்பும் அதனை இடோமாவோடு பிணைக்கின்றனவேயன்றி ஜுக்குனோடு பிணைக்கவில்லை. அரசியலால் ஒரு மன்னனுக்குக் கீழ்ப்பட்டவர் மொழியால் வேறு குடியினராக இருந்திருக்கலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். இரு மொழிகள் உறவுடையன என்பதை மொழிநூல் காட்டும்; யார் இருந்த இடத்திலேயே இருந்தார், யார் நடந்து சென்றார் என்பதை அது தனித்து நின்று காட்டாது. ஆயினும், இடோமா வகை மொழிகள் கிழக்கிலும் மேற்கிலும் வடக்கிலும் தெற்கிலும் சிதறிக் கிடக்க, இடையே வேறொரு மொழி தொடர்ச்சியாகப் பரந்திருக்கும் காட்சி, இக்காலப் படத்துக்கு முந்திய வேறொரு படம் இருந்ததென்பதை உணர்த்தப் போதியது. அப்பழம்படத்தின் கிழக்குமூலைக்குச் சாட்சி சொல்ல எஞ்சியிருப்பது எட்டுலோ. அந்நிலத்துக்கு எழுதப்பட்ட பண்டை வரலாறு மிகக் குறைவு. ஆதலின் இம்மொழி மறையுமாயின், மறைவது பேச்சு மாத்திரமன்று. ஓர் ஆவணமும் ஆகும்.

இத்தொகுதியை ஆராய்ந்து ஒழுங்குபடுத்தியவருள் முதன்மையானவர் றொபேட் ஆம்ஸ்ட்றோங் என்னும் அமெரிக்க மானிடவியலாளர். 1950 களில் இடோமா மக்களிடையே தங்கி ஆய்வு நடத்திய அவர், பின்னர் இபாடன் பல்கலைக்கழகத்தின் ஆபிரிக்க ஆய்வு நிறுவகத்துக்கு இயக்குநராயும் விளங்கினார். பெனுவே, குறொஸ் ஆற்றுப் பள்ளத்தாக்குக்களின் இடோமா வகை மொழிகள் பற்றிய அவரது கட்டுரை 1983 இல் வெளியாயிற்று. இவ்வகை மொழிகளை யொருபா, இக்போ முதலியவற்றோடு சேர்த்து ‘குவா’ என்னும் பெருங்கிளையில் வைத்திருந்தார் அமெரிக்க அறிஞர் கிறீன்பேக். 1977 இல் வேறு இருவர் அக்கிளையைப் பிரித்து, கிழக்குப் பாகத்தைப் பெனுவே-கொங்கோக் கிளைக்கு மாற்றினர். அறிஞரிடையே இவ்விடயம் இன்னும் விவாதத்துக்குரியதே. யொருபா, இக்போ ஆகிய பெருமொழிகளுக்கு எட்டுலோ தூரத்து உறவு என்பதை மட்டும் இங்கு மனத்திற் கொண்டாற் போதும்.

இனி, அம்மொழியின் ஒலியை நோக்குவோம். தமிழ்ச் செவிக்குப் புதுமையாகத் தோன்றுவன இரண்டு. முதலாவது, ககரத்தையும் பகரத்தையும் ஒரே கணத்தில் ஒலிக்கும் மெய். நாவின் அடி அண்ணத்தைத் தொடும் அதே வேளையில் இதழும் மூடித் திறக்கும். இக்போ என்னும் பெயரிலே உள்ள ஒலியும் இத்தகையதே. 1967 முதல் 1970 வரை நிகழ்ந்த பியாஃப்ராப் போரின் செய்திகளில் ‘இபோ’ என்று அப்பெயர் அடிபட்டதைக் கேட்டவர் பலர். அந்த ஒலியை இரண்டாகப் பிரிக்காமல் ஒலிக்க ஐரோப்பியச் செய்தியாளர்க்கு இயலாமையே அப்பெயர் மெலிந்ததற்குக் காரணம்.

இரண்டாவது, குரலின் ஏற்றத்தாழ்வு. தமிழிலே ஒரு சொல்லை உரத்துக் கூறினாலும் தணித்துக் கூறினாலும் அதன் பொருள் மாறுவதில்லை. வினாவோ வியப்போ கோபமோ மாத்திரமே மாறும். எட்டுலோவிலும் அதன் உறவுமொழிகளிலும் நிலைமை வேறு. ஒரே எழுத்துக்களால் ஆன சொல், குரல் உயர்ந்தால் ஒரு பொருளும் தாழ்ந்தால் வேறொரு பொருளும் தரும். யாவரும் எடுத்துக்காட்டும் சான்று இக்போ மொழியிலுள்ளது. ‘அக்வா’ என்னும் சொல்லின் இரண்டு அசைகளையும் உயர்த்திக் கூறினால் அழுகை. முதலசையை உயர்த்தி அடுத்ததைத் தாழ்த்தினால் துணி. முதலசையைத் தாழ்த்தி அடுத்ததை உயர்த்தினால் முட்டை. இரண்டையும் தாழ்த்தினாற் படுக்கை. எட்டுலோவிலே குரலேற்றம் சொற்பொருளை மட்டுமன்றி இலக்கணப் பொருளையும் வேறுபடுத்தும். எழுத்திலே இவ்வேற்றத்தாழ்வைக் குறிக்காது விடுவது பலர் வழக்கம். அவ்வாறு எழுதப்பட்ட ஏட்டை மொழியறிந்தவனே இடமறிந்து படிக்க வேண்டும். அயலான் படித்தால் துணிக்குப் பதில் முட்டையைக் கேட்பான்.

இதனோடு தொடர்புடைய வியப்பொன்று உண்டு. சொல்லின் உயிர் குரலின் ஏற்ற இறக்கத்திலே தங்கியிருப்பதால், அவ்வேற்ற இறக்கத்தை முரசில் ஒலித்தாலும் செய்தி விளங்கும். பெனுவே, குறொஸ் ஆற்றுப் பகுதியின் பேசும் முரசுகளைப் பற்றி ஆம்ஸ்ட்றோங் 1954 ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரை வரைந்தார். முரசடிப்போன் தாளம் போடுகின்றான் என்று வெளியூரான் எண்ணுவான். ஊராரோ முன்னோர் பெயரும் வாழ்த்தும் கேட்டுத் தலைநிமிர்வர். உயிரும் மெய்யும் இன்றி வெறும் ஏற்றத்தாழ்வினால் மட்டும் செய்தி செல்லும்போது பொருள் மயங்குமன்றோ என வினவலாம். அம்மயக்கம் நேராதிருத்தற்கே முரசுமொழி ஒற்றைச் சொற்களை விடுத்து, யாவருமறிந்த நீண்ட தொடர்களைக் கையாளுகின்றது.

எட்டுலோவின் சொல்லொழுங்கு தமிழுக்கு மாறானது. எழுவாய் முன்னும் வினை நடுவும் செயப்படுபொருள் பின்னுமாக வாக்கியம் அமையும். வேற்றுமையுருபுகள் இல்லை. இவ்வகை மொழிகள் உருபின் வேலையை வினைகளைக் கொண்டே முடித்துக்கொள்கின்றன. ‘அவன் கத்தியால் இறைச்சியை வெட்டினான்’ என்பதை ‘அவன் எடுத்தான் கத்தி வெட்டினான் இறைச்சி’ என்பது போல இரண்டு வினைகளை இணைப்புச் சொல்லின்றி அடுக்கிச் சொல்வது இம்மொழிகளின் இயல்பு. தமிழர் ‘எடுத்துக்கொண்டு வந்து கொடுத்துவிடு’ என்று வினைமேல் வினை அடுக்குவதை இது ஒருவாறு நினைவூட்டும். ஆனால் தமிழில் முன்வினைகள் எச்சமாகிக் குறைந்து நிற்க, அங்கே யாவும் முற்றாகவே நிற்கின்றன. எட்டுலோவில் இன்னொரு வழக்கும் உண்டு. சில வினைகள் தனித்து நில்லா. தமக்குரிய பெயர் ஒன்றைத் துணையாகப் பெற்றே பொருள் முற்றும். நல்லது, பெரியது என்றாற் போன்ற பண்புகளை உணர்த்தவும் தனிப் பெயரடைகள் சிலவே உள; பெரும்பாலும் வினையே அத்தொழிலையும் செய்கின்றது. இவற்றையெல்லாம் முறையாக ஆராய்ந்து விரிவான இலக்கணம் வகுக்கும் பணி இருபத்தோராம் நூற்றாண்டிலேதான் நிறைவேறிற்று. அதனைச் செய்தவர் நைஜீரிய நாட்டவரே என்பது மகிழ்ச்சிக்குரியது.

வாழ்க்கை முறையில் எட்டுலோ மக்கள் ஆற்றையும் நிலத்தையும் ஒருங்கே நம்பியவர்கள். மீன்பிடித்தொழில் அவர்களுக்கு நெடுங்காலப் பழக்கம். நிலத்திலே நமது இராசவள்ளியின் இனத்தைச் சேர்ந்த பெருங்கிழங்கும் மரவள்ளியும் நெல்லும் எள்ளும் விளையும். மீனைக் கொண்டு செல்வோர் திவ் மக்களின் சந்தைக்குச் செல்வர். மொழியின் தலைவிதி தீர்மானிக்கப்படும் இடம் அதுவே.

அச்சந்தையில் நிகழ்வதைச் சற்று ஊன்றி நோக்குதல் தகும். எட்டுலோ பேசுபவர் பெரும்பாலும் திவ் மொழியும் பேச வல்லவர். திவ் பேசுபவர்க்கோ எட்டுலோவைக் கற்க வேண்டிய தேவை எழுவதில்லை. இருமொழி அறிதல் என்னும் செல்வம் ஒரு பக்கத்துக்கு மாத்திரம் கட்டாயமாகும்போது, அது செல்வமாக இருப்பதோடு மெல்ல மெல்லச் சுமையும் ஆகின்றது. திவ், ஹௌசா, ஆங்கிலம் ஆகிய மூன்றிலிருந்தும் எட்டுலோவுட் சொற்கள் புகுந்துள்ளன. சொற்கள் புகுவதனால் எம்மொழியும் அழிந்ததில்லை. அதனை எண்ணி அஞ்சுவோர் ஆங்கிலத்தின் வரலாற்றை நோக்குக. அஞ்சத்தக்கது வேறு. தாய் ஒரு மொழியும் தந்தை ஒரு மொழியும் பேசும் வீட்டிலே, குழந்தையிடம் எம்மொழியிற் பேசுவது என்ற வினா எழும்போது, பயன் மிகுந்த மொழியையே பெற்றோர் தெரிவர். அதனைக் கொடுமை என்று எவரும் கூறவியலாது. அக்குழந்தையின் நலத்தை எண்ணியே அவர்கள் அவ்வாறு செய்கின்றனர். ஒவ்வொரு வீட்டிலும் நியாயமாகத் தோன்றும் முடிவு, எல்லா வீடுகளிலும் சேர்ந்து ஒரு மொழியை நிலத்திலிருந்து அகற்றிவிட வல்லது.

அச்செழுத்தின் நிலையும் அவ்வாறே. விவிலிய நூல் முழுவதும் திவ் மொழியில் 1964 ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. அதற்கு முன்னரே, அக்கிகா என்னும் திவ் அறிஞர் தம் மக்களின் வரலாற்றைத் தம் மொழியிலேயே எழுத, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1939 இல் வெளியாயிற்று. அத்தகைய பேறு எட்டுலோவுக்கு வாய்க்கவில்லை. அரசின் உயர்சபையிலோ நிலைமை இன்னும் எட்டாதது. 1999 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, தேசிய சபையின் கருமங்கள் ஆங்கிலத்திலும், தக்க ஏற்பாடுகள் செய்யப்பட்டபின் ஹௌசா, இக்போ, யொருபா ஆகியவற்றிலும் நடைபெறலாம் என்கின்றது. பல இலட்சம் பேரையுடைய திவ் மொழிக்கே அவ்வரிசையில் இடமில்லை. ஆகவே எட்டுலோவை நெருக்கும் அயல்மொழியைப் பகைமொழி என்று கருதுவது பொருந்தாது. அதுவும் தனக்கு மேலுள்ள மூன்றினால் நெருக்கப்படுவதே.

பாடசாலையைப் பற்றி ஒரு நம்பிக்கை எழுந்து மறைந்தது. தொடக்கப் பாடசாலையின் முதல் ஆறு ஆண்டுகளுக்கும் தாய்மொழியே போதனாமொழியாதல் வேண்டுமென 2022 ஆம் ஆண்டில் நைஜீரிய அரசாங்கம் ஒரு தேசிய மொழிக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. ஐந்நூறு மொழிகளுக்குப் பாடநூலும் ஆசிரியரும் எங்கிருந்து வருவர் என்று அப்போதே வினவினர் பலர். வினா நியாயமானதே. ஆனால், அதற்கு விடை காண முயலுமுன்னரே, 2025 ஆம் ஆண்டில் அக்கொள்கை கைவிடப்பட்டு, ஆங்கிலமே எல்லா வகுப்புக்களுக்கும் போதனாமொழி என அறிவிக்கப்பட்டது. இடோமாவுக்கோ திவ் மொழிக்கோ இதனால் நேரும் இழப்பு ஈடுசெய்யக் கூடியது. அவற்றுக்குத் தொகையுண்டு, நூலுண்டு. எட்டுலோவுக்குப் பாடசாலை ஒன்றே புதியதாகத் திறந்திருக்கக்கூடிய வாயில்.

எட்டுலோ பேசுவோர் எத்துணைப் பேர்? 1988 ஆம் ஆண்டின் கணிப்பு ஒன்று பத்தாயிரம் என்றது. பின்னர் வந்த கணிப்புக்கள் அதனினும் பன்மடங்கு உயர்ந்தவை. தொகை இவ்வாறு தாவுவதற்குக் காரணம், நைஜீரியாவின் குடிசன மதிப்பே அவ்வினாவைக் கேட்பதில்லை என்பதாகும். இனம், சமயம் ஆகியன பற்றிய கேள்விகள் அரசியற் பூசலை மூட்டுமென்றஞ்சி, 1991 ஆம் ஆண்டின் மதிப்பிலும் 2006 ஆம் ஆண்டின் மதிப்பிலும் அவற்றை நீக்கிவிட்டனர். அந்த அச்சம் வெறும் கற்பனையன்று. திவ் மக்களுக்கும் ஜுக்குன் மக்களுக்குமிடையே வுக்காரிப் பகுதியில் 1990 முதல் 1992 வரையும், மீண்டும் 2001 இலும் குருதி சிந்திய கலகங்கள் நடந்தன. பெருந்தொகையினர் தம்மை எண்ணிக்கொண்டு பூசலிடுவதைத் தடுக்க வந்த விதி, சிறுதொகையினர் எண்ணப்படாமலே போகவும் வழி செய்தது. 2023 ஆம் ஆண்டில் எடுக்கப்படவிருந்த அடுத்த குடிசன மதிப்பும் பின்போடப்பட்டது. கட்சினா-அலாக் கரையிலே எத்தனை வீடுகளில் குழந்தைகள் இன்னும் எட்டுலோவிற் கதை கேட்கின்றனர் என்பதை அறிய விரும்புவோர், ஊர் ஊராகச் சென்று வீட்டு வாயிலில் நின்றே கேட்டறிதல் வேண்டும்.